காற்றுத் திருகு

மெல்லப் போகும்வரை படகின் எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்டது. வேகத்தைக் கூட்டினால் இருமிவிட்டு நின்றது. மூன்று நாளாக இதே கூத்து. பிளக்கைத் துடைத்தும் ஃபில்டரை மாற்றியும் பார்த்த ததேயுஸ், மெக்கானிக் ரெமிஜியசை மட்டும் கூப்பிடவில்லை. தன் மனைவி செலினைத் தனக்கு முன்னால் பெண் கேட்டு வந்தவன் அவன். கடைசியில் செலினே ஆளனுப்பினாள்.

வந்தவன் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. டேங்க் மூடியிலிருந்த காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினான். எஞ்சின் சீறிக்கொண்டு கிளம்பியது.

"காத்து உள்ள போனாத்தானண்ணே எண்ணெ வெளிய வரும்? இத யாரு இப்படி இறுக்குனது?"

"டேங்க வீட்டுக்குள்ள வச்சா மண்ணெண்ண வாடை கொடலப் புடுங்குது. நாந்தான் இறுக்குனேன்" என்று கரையில் நின்ற செலின் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பைத் ததேயுஸ் தன் வீட்டில் கேட்டதில்லை.

மறுநாள் விடியலில் டேங்கைத் தூக்கும்போது தொட்டுப் பார்த்தான். திருகு மறுபடியும் இறுகியிருந்தது. விரலுக்கு அசையவில்லை, குறடு போட வேண்டியிருந்தது. தளர்த்திவிட்டுக் கடலுக்குப் போனான். மத்தியானம் படகு நிறைய மீனோடு கரை சேர்ந்தபோது, தலைவாரிப் பூ வைத்து நின்ற செலின் மீனைப் பார்க்கவேயில்லை.

"இன்னைக்கு எஞ்சின் நிக்கலயா?" என்று கேட்டாள்.