ஏரிக்குள் போன தூண்டில்

எழுத்துக்குப் புதியவனாகிய நான் இக்காட்சியை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் தயைகூர்ந்து பொறுத்தருள வேண்டுகிறேன். குளிர்கால ஏரியில் மூடுபனி இன்னும் முழுவதும் விலகவில்லை. இளவெயில் நீரின்மேல் மெல்லிய துணிபோல் படிகிறது. குளிருக்கு அஞ்சி மீன்கள் ஆழத்தில் ஒடுங்கிக் கிடப்பதால் தக்கை அசைவதே அரிதாக இருக்கிறது. கரையருகே ஒரு படகில் தையற்காரரும் அவருடைய மைத்துனரும் அமர்ந்திருக்கிறார்கள். இக்குளிர்காலம் முழுவதும் ஒரு மீனும் பிடிக்காத தையற்காரர், இன்றும் வெறுங்கையோடு திரும்பினால் தமது புதுத் தூண்டிலை மைத்துனருக்கே கொடுத்துவிடுவதாக ஏரிக்கரை அறிய வாக்களித்திருக்கிறார். புழுக்கள் விறைத்துவிடாதிருக்க, அவற்றின் டப்பாவை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறார்.

“அத்தான், அந்தப் புழுவை நீங்க பாத்துக்கற மாதிரி எங்க அக்காவைக்கூடப் பாத்துக்கிட்டதில்ல.”

“பேசாம இருடா. மீன் காதுல விழும்.”

தக்கை ஒருமுறை தலையாட்டிவிட்டு அமிழ்கிறது. தூண்டில் வில்லாக வளைகிறது. தையற்காரர் பரபரப்போடு முன்னே சாய, டப்பாவின் மூடி உள்ளேயே திறந்துகொள்கிறது. அவர் முகத்தில் வெற்றியும் கூச்சமும் ஒன்றாகத் தோன்றுகின்றன. இரண்டு கைகளும் ஸ்வெட்டருக்குள் பாய்கின்றன. தூண்டில் படகின் விளிம்பைத் தாண்டி, மீனின் பின்னால் விறுவிறுவென்று போகிறது.

“அத்தான், போறது என் தூண்டில்.”

“அப்போ நீயே குதிச்சு எடுத்துக்கோ,” என்கிறார் தையற்காரர், நெளிந்துகொண்டே. இருவரும் சிரிக்கிற சிரிப்பில் படகு ஆடுகிறது.

இழந்தவை: ஒரு மீன், ஒரு தூண்டில், தையற்காரர் உதறியதில் ஏரியில் விழுந்த புழுக்கள் பதினொன்று. மற்றப் புழுக்கள் ஸ்வெட்டருக்குள் இருக்கின்றன.