சுவர் பறந்த படம்

“தட்டுன்னு சொன்னேன்ல! இன்னும் பலமா தட்டு!”

“கை வலிக்குதுங்க. கரண்டியே வளைஞ்சு போச்சு.”

பால்கனிக் கம்பியில் மூன்று சிட்டுக்குருவிகள் உட்கார்ந்திருந்தன. ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேமராவும் கையுமாக ஒன்றரைக் காலில் நின்றார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் மனைவி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் வெளுத்து வாங்கினாள். குருவிகள் அசையவில்லை. போதாக்குறைக்கு நாலாவதாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

“பாத்தியா! ஊர்ல உள்ள குருவியெல்லாம் சத்தம் கேட்டா பறந்தோடும். நமக்கு வாய்ச்சது கச்சேரி கேக்க வருது!”

“வாழ்நாள் பூரா ஹாரன் அடிச்சவர் வீட்டுக் குருவி. தட்டெல்லாம் அதுக்கு எம்மாத்திரம்?”

கீழ்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “சார், விடியறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்களா?”

“இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க சார்! பத்து மணிதான் கடைசி!”

நாற்பது வருடம் ரயில் ஓட்டியவர். எஞ்சின் ஜன்னல் வழியாக அவர் பார்த்த குருவி எதற்கும் இறக்கை ஒழுங்காகத் தெரிந்ததில்லை. ஒரு கோடு, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அந்தப் புகையைப் படமாகப் பிடிக்க வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புகைப்படக் கழகத்துப் போட்டிக்கு இன்று பத்து மணிக்குள் அனுப்ப வேண்டுமாம். விடிந்தால் இதே பால்கனி, இதே தட்டு.

“ஷட்டரை மெதுவா வச்சிருக்கேன். அது பறக்கிற பக்கமே கேமராவும் கூடத் திரும்பணும். கண்ணு மட்டும் தெளிவா விழும், இறக்கை கலைஞ்சு ஓடும். புரியுதா?”

“அது முதல்ல பறக்கணுமே.”

“இப்ப பறக்கும் பாரு. ஒண்ணு... ரெண்டு... அடி!”

அவள் அடித்தாள். அவர் கேமராவைச் சர்ரென்று திருப்பினார். குருவி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து, இறகைக் கோதிக்கொண்டது.

அவர் நீட்டிய கேமராவை மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். “என்னங்க இது? சுவரு, ஜன்னல், கொடியில காயற உங்க பனியன், எல்லாம் பறக்குது. குருவியை மட்டும் காணோம்.”

“சிரிக்காத. எரியுது எனக்கு.”

மணி பத்தடித்தது. டிரைவர் கேமராவை உறையில் போட்டார்.

“அப்ப நாளையிலேருந்து இந்த வேலை கிடையாதா?” என்று கேட்டாள் மனைவி. குரல் ஏனோ சுருதி இறங்கியிருந்தது.

“ஏன் கிடையாது? நாலு மாசத்துல அடுத்த போட்டி வருது. நாளைக்கு ஆறு மணிக்குத் தட்டோட வந்துடு.”

“மறுபடியுமா? உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இன்னும் என்னென்ன தட்டணுமோ!” என்று நொடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் அவருக்கு வந்த டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு டிரைவர் படுக்கையறையில் சாய்ந்தார். குறட்டை எழும்வரை மனைவி காத்திருந்தாள். பிறகு நொய் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், தட்டைக் கரண்டியால் டிங் டிங் என்று தட்டினாள். எங்கெங்கோ இருந்த குருவிகளெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு பறந்து வந்தன.

“தின்னுங்கடி கண்ணுங்களா. ஆனா காலையில தட்டினா பறந்து தொலைச்சிடாதீங்க,” என்று நொய்யை இறைத்தாள். “நாப்பது வருஷம் டியூட்டி டியூட்டின்னு ஓடின மனுஷன். இப்பத்தான் மூணு மாசமா காலையில பக்கத்துல நிக்கிறார். படம் கிடைச்சிட்டா கேமராவைத் தூக்கிக்கிட்டு ஏரி, குளம்னு கிளம்பிடுவார். அப்புறம் எனக்கு யாரு இருக்கா?”

உள்ளே முதல் ‘டிங்’கிலேயே குறட்டை நின்றிருந்தது. டிரைவர் ஓசைப்படாமல் எழுந்து, அலமாரிக்குப் பின்னால் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்த சட்டம் போட்ட படத்தை நன்றாக உள்ளே தள்ளினார். தட்டும் கரண்டியுமாக ஒரு கை. அதை நோக்கிக் கண் மட்டும் தெளிவாக, இறக்கையெல்லாம் புகையாகப் பாய்ந்து வரும் ஒரு குருவி. கீழே, இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துபோன அதே கழகத்துப் போட்டியின் ‘முதல் பரிசு’ முத்திரை.

பிறகு படுத்து, மறுபடி குறட்டை விட ஆரம்பித்தார்.