ஏழு பேர் நடுவில்

சபையின் பின்னறையில் ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கைகோர்த்திருக்கிறார்கள். காலை வெயில் மடியிலுள்ள வேதாகமங்கள்மேல் விழுகிறது. அவர்களில் ஒருத்தியான நர்ஸ் கண்ணீரோடு ஜெபிக்கிறாள்: "ஆண்டவரே, என் பக்கத்துல இருக்கிற சகோதரியோட மகன் மறுபடியும் குடிக்கிறான். அவனை மீட்டெடுங்கப்பா." பக்கத்தில் இருப்பவள் தையல்காரி, அவளுடைய பள்ளிக்காலத் தோழி. நேற்று தையல்காரி நர்ஸிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்ன விஷயம் அது. யாரோ ஒருத்தி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கிறாள். தையல்காரி கையை உருவப் பார்க்கிறாள்; நர்ஸ் உருக்கமாக இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். அடுத்து ஜெபிக்க வேண்டியது தையல்காரி. நர்ஸின் புருஷன் வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதமானது தையல்காரிக்கு மட்டும்தான் தெரியும். பிடித்திருக்கும் நர்ஸின் கை சட்டென்று வியர்க்கிறது. "ஆண்டவரே, இவ என்கிட்ட சொன்னதெல்லாம் உங்களுக்கே தெரியும். அது போதும். ஆமென்," என்கிறாள் தையல்காரி. இப்போது அவள் கை நர்ஸின் பிடியிலிருந்து தானாகக் கழன்று வருகிறது.