எழுதத் தெரியாத ஒருத்தி

மொழியாசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கும் குழு வரும்போதெல்லாம், அங்கே கழிப்பறை கழுவும் பேச்சிக்குப் புதுச் சேலை கிடைக்கும். எழுதத் தெரியாத ஒருவருக்குப் பயிற்சி மாணவி ஒருத்தி, குழுவின் கண்ணெதிரே பெயர் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். குழுவில் ஒவ்வொரு முறையும் புது ஆட்கள்; எழுதத் தெரியாதவள் மட்டும் எப்போதும் பேச்சிதான். கற்றுக்கொள்வாள், குழு கைதட்டும். கார் கிளம்பியதும் ஈரத் துணியால் சிலேட்டைத் துடைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போவாள். "வீட்ல எழுதிப் பாக்காத. அப்புறம் உன்னால எங்களுக்குப் பிரயோஜனம் இல்ல" என்று முதல்வர் வத்சலா சொல்லியிருந்தார்.

இந்த முறை மாணவி அவள் கையைப் பிடிப்பதற்குள் பெயர் சிலேட்டில் வந்துவிட்டது. கொம்பு, புள்ளி, எதுவும் தப்பவில்லை. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு முன்னாடி எழுதியிருக்கியாம்மா?"

பேச்சி முதல்வரைப் பார்த்தாள். "இல்லீங்க."

"எங்க பயிற்சி அப்படி சார்" என்று முதல்வர் சிரித்தார்.

அங்கீகாரத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்லிவிட்டுக் குழு கிளம்பியது. முதல்வர் பேச்சியை அறைக்கு அழைத்து, மீந்த ஜாங்கிரியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். திட்டவில்லை.

"உன் கை பழகிருச்சு பேச்சி. இனிமே உன்ன உக்கார வைக்க முடியாது."

பேச்சி தலையாட்டினாள்.

"உன் பொண்ணுக்கு என்ன வயசு?"

"அஞ்சு முடியுது மேடம். ஜூன்ல ஒண்ணாப்பு சேக்கணும்."

முதல்வர் சிலேட்டைத் தானே துடைத்து அலமாரியில் வைத்தார்.

"என்ன அவசரம்?" என்றார்.