காய்ந்த நீல அங்கி

"காஞ்ச துணியையே தினமும் காயப் போடுறா சார்! சொட்டு ஈரம் கிடையாது. யாருக்கு இந்தச் சைகைன்னு கேளுங்க!"

கீழ்வீட்டு பெய்லான் போட்ட சத்தத்தில் எங்கள் சந்தில் எல்லா ஜன்னலும் திறந்துகொண்டது. ஓடைக்கு அக்கரையில் ஜப்பான்காரனோடு யுத்தம். ஆனாலும் ஷாங்காயில் சண்டை பார்க்க ஓடைக்கரைக்குப் போக வேண்டாம். எங்கள் சந்து போதும்.

கையோடு போலீஸ்காரரையும் கூட்டி வந்திருந்தாள். தலைப்பாகை பிஷன் சிங், மாடியிலிருந்து ஓடைப் பக்கம் நீட்டியிருந்த மூங்கில் கழியை அண்ணாந்து பார்த்தார். ஆண்பிள்ளையின் நீல அங்கி ஒன்று அதில் ஆடியது.

மாடிவீட்டு ருயிங் நிறைமாத வயிற்றோடு எட்டிப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் அங்கி சார். அக்கரை மாவு மில்லுல நம்ம பட்டாளத்தோட இருக்கார். இதைத் தொங்கவிட்டா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். பதிலுக்கு அவர் ஜன்னல்ல ஒரு வெள்ளைக் கிண்ணத்தை மாட்டுவார். அவ்வளவுதான்."

"மாட்டியிருக்காரா?"

"நேத்துலேருந்து ஒரே புகை. விலகினா தெரியும்."

"ஒத்துக்கிட்டா பாருங்க! சைகைதான்!" பெய்லான் குறுக்கே பாய்ந்தாள். "முதல்ல கழியைப் பிடுங்குங்க!"

பிஷன் சிங் தொண்டையைச் செருமினார். "பல தேசத்துக்காரங்க சேர்ந்து நடத்துற இடம்மா இது. நடுநிலை. இங்கேருந்து எந்தப் பட்டாளத்துக்கும் ஒத்தாசை போகக் கூடாது."

"அப்போ ஜப்பான்காரன் பீரங்கியை எங்கே இறக்குறான்? இதே நடுநிலையோட படித்துறையிலதானே?" மாடியிலிருந்து ருயிங் கேட்டாள்.

சந்தே சிரித்தது. அவர் முகம் சிவந்தது.

"அது பெரியவங்க விவகாரம். எனக்குக் கழிதான் தெரியுது."

பீரங்கி தெரியாது, மூங்கில் தெரியும். நடுநிலைக் கண் அப்படி!

மாடியேறி அங்கியை ருயிங்கிடம் கொடுத்துவிட்டு, கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, நீயும் ஒரு புருஷனோடதானே குடும்பம் நடத்துறே? அவ கழி உன்னை என்னடி பண்ணுச்சு?"

பெய்லான் என் கையைப் பிடித்துத் தன் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அத்தனை கத்திய குரல் இப்போது எழும்பவே இல்லை.

"காயம்பட்டவங்களைத் தூக்கப் போன என் தம்பி ராத்திரி வந்தான். மில்லுக்குப் பின்னால குண்டு விழுந்திருக்கு. முன்சுவரு மட்டும்தான் நிக்குதாம். உள்ளே ஒருத்தரும் மிஞ்சலை."

"ஐயோ! அவகிட்ட..."

"பிரசவம் ஆகட்டும், நானே சொல்றேன். அங்கியைத் தொங்கவிட்டும் கிண்ணம் வரலைன்னா அவளுக்குப் புரிஞ்சிடும். அங்கியே தொங்கலைன்னா? அங்கி அவர் கண்ணுக்குத் தெரியலை, அதான் பதில் இல்லைன்னு நம்புவா. என்னைத் திட்டிக்கிட்டாவது சோறு திங்கட்டும்."

கதவு தட்டும் சத்தம். பெய்லான் என் வாயைப் பொத்தினாள்.

"பெய்லான் அக்கா! என் மேல என்ன கோபம்னாலும் அப்புறம் திட்டுங்க. புகை விலகிடுச்சுக்கா. உங்க வீட்டுக் கழியை ஒரே ஒரு நிமிஷம் கொடுங்களேன்!"