இரவல் கண்

கண் மருத்துவமனை ஒன்றில் பழைய கோப்புகளைத் தேடியெடுத்துக் கொடுக்கும் அம்மாள், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் மதியம், மின்சாரம் போய் வேலை ஓடாதிருந்த வேளையில் சொன்ன கதை இது. பிறர் வாயில் எங்கே மாறுகிறது என்பது கடைசியில்.

பஸ் டிரைவர் ஒருவர், பரிசோதனைக்குத் தன் கண்ணை விட்டுவிட்டுச் சகலையின் கண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

போன வருஷம் இங்கே சொன்னது அவர் நெஞ்சில் அப்படியே நின்றது. "கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளியேற ஒரு மூலை இருக்கு. உங்களுக்கு அது கொஞ்சம் குறுகலோன்னு சந்தேகம். அடைச்சுக்கிட்டா பார்வை போயிடும். அடுத்த வருஷம் மறுபடி படம் எடுப்போம்."

அடுத்த வருஷம் வந்துவிட்டது. டிப்போவிலும் கண் சான்றிதழ் கேட்டுவிட்டார்கள். குறுகல் என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷமாக வேறெதையும் பிடித்தறியாத கை.

சகலையோ தன் பெயின்ட் கடை வாசலில் நின்றபடியே, தெருக்கோடியில் திரும்பும் பஸ்ஸின் நம்பரைச் சொல்லிவிடுவார். இருட்டறையில் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள், கண்ணைத்தானே பார்ப்பார்கள் என்பது டிரைவர் போட்ட கணக்கு.

"பிறந்த தேதி கேட்டா உளறிடாதீங்க சகலை."

"என் கல்யாண நாளே எனக்கு ஞாபகம் இருக்காது. உங்க பிறந்த தேதிய மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். வீட்ல தெரிஞ்சா தொலைஞ்சேன்."

டிரைவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். சகலை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை நடையில் உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. படம் எடுக்கும் பெண்ணின் குரல் வெளியே கேட்டது.

"தாடைய இதுல வைங்க. விளக்க அணைக்கிறேன். இருட்டுலதான் அந்த மூலை எவ்வளவு சுருங்குதுன்னு தெரியும்."

"அணைங்கம்மா. ராத்திரி வண்டி ஓட்டுறவனுக்கு இருட்டு என்ன புதுசா?"

கேட்காததற்கெல்லாம் பதில். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கால் மணி கழித்து வெளியே வந்த சகலையின் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் போல இருந்தது. டிரைவரின் தோளில் கை வைத்தார்.

"மனசத் தேத்திக்குங்க சகலை. உங்க கண்ணு ரொம்ப மோசமாம்."

"என்னது?"

"அந்தக் கம்ப்யூட்டரே மூலையோட கோணத்த அளந்து சொல்லிடுச்சு. ரெண்டு கண்ணுலயும் மூலை மூடுற மாதிரி இருக்காம். எப்ப வேணா அடைச்சுக்குமாம். இன்னைக்கே லேசர் வைக்கணுமாம். படத்தப் பார்த்ததும் எனக்கே உங்கள நினைச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"சகலை, உள்ள உட்கார்ந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப யாரு கண்ணு மோசம்?"

சகலை டிரைவரின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கா? தெருக்கோடி பஸ் நம்பர் படிக்கிறவனுக்கா? மெஷின் தப்பு. வாங்க போயிடலாம். உங்களுக்கு வேற இடத்துல சான்றிதழ் வாங்கிக்கலாம். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

டிரைவரும் நடந்தார். திரும்பிப் போனால் ஆள்மாறாட்டம் என்று டிப்போவுக்கு எழுதுவார்கள், சீட்டே கிழியும். வாசலைத் தாண்டிவிட்டால் வேலை மிஞ்சும்.

வாசலில் சகலை நின்று தூரத்தில் வரும் பஸ்ஸை நோக்கிக் கை நீட்டினார். "பாருங்க, பன்னெண்டு சி. கண்ணு கெட்டவன் படிப்பானா?"

பஸ் கிட்டே வந்தது. பன்னிரண்டு சி தான். இவ்வளவு தெளிவாகத் தெரிகிறவர் லேசருக்கு எந்தக் காலத்தில் வந்து உட்காரப்போகிறார்?

டிரைவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார்.

"அம்மா, நீங்க பார்த்தது என் கண்ணு இல்ல. இவரோடது. ஏமாத்தினது நான். டிப்போவுக்கு எழுதுறதுன்னா எழுதிக்குங்க. முதல்ல இவரைப் பாருங்க."

அந்தப் பெண் நிதானமாகத் திரையைத் திருப்பினாள். இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"இது போன வருஷம், இது இன்னைக்கு. ரெண்டும் ஒரே ஆளோட கண்ணு இல்லன்னு முதல் படத்துலயே தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் சகலை.

"சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பீங்க. நல்லாத் தெரியுதுன்னு நினைக்கிறவங்க தானா இந்த நாற்காலிக்கு வர்றதில்ல. இன்னும் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு நானே பின்னால ஓடி வந்திருப்பேன்."

லேசருக்கான சீட்டை நீட்டினாள். சாத்தாத கதவு வழியே 'சகலை, சகலை' என்று கேட்டதை வைத்து, பெயர் எழுதும் இடத்தில் முன்பே எழுதி வைத்திருந்தாள்: டிரைவரின் சகலை.

"இப்ப நீங்க உட்காருங்க" என்றாள் டிரைவரிடம்.

அம்மாள் சொன்ன வடிவத்தில் டிரைவரின் கோணம் அன்று தாராளமாக இருந்தது. அவர் பயந்ததெல்லாம் வீண். டிப்போவில் சொல்கிறவர்கள் அவருக்கும் குறுகல்தான் என்றும், இருவரும் லேசருக்கு 'நீங்க முன்னால, நீங்க முன்னால' என்று உபசரித்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார்கள். டிப்போவுக்குக் கடிதம் போனதாக எந்த வடிவத்திலும் இல்லை.

பெயின்ட் கடை வாசலில் கேட்டால் மட்டும் கதையில் ஆள்மாறாட்டமே கிடையாது. பயந்து நடுங்கிய டிரைவருக்குத் தைரியம் வரட்டும் என்று, முதல் ஆளாக நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் சகலை.