பொண்ணு பார்க்கப் போன மண்

கொய்யாத் தோட்டத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிக்கொண்டே வந்ததால், கொஞ்சம் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள் மண் ஆய்வுக்கூடத்தில். செண்பகவல்லிக்கு அதை அப்படியே அள்ளிக்கொண்டு போக மனம் வரவில்லை. கல் பொறுக்கினாள், சலித்தாள், மக்கிய சாணத்தையும் அடுப்புச் சாம்பலையும் ஒரு கை போட்டுப் பிசறினாள்.

“என்ன புள்ள பண்ற?” என்றான் புருஷன் தவசி.

“பொண்ணு பாக்க வர்றப்ப அழுக்குச் சேலையோடயா நிறுத்துவாக?”

முடிவு கேட்கப் போனபோது ஆய்வுக்கூடத்து அதிகாரி நெற்றியைச் சொறிந்தார். “இப்படி ஒரு செழிப்பான மண்ண நான் பாத்ததே இல்லம்மா. இதுக்கு உரமே வேண்டாம். அப்புறம் ஏன் இலை மஞ்சளாகுது?”

செண்பகவல்லிக்கு வாயெல்லாம் பல். தவசிதான் தலையில் அடித்துக்கொண்டான்.

தோட்டத்துக்குத் திரும்பியவள் மஞ்சள் மரங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எருக்குழியில் இறங்கிக் கூடையை நிரப்பினாள்.

“இப்ப எதுக்கு இது?”

“பொண்ணு அழகுன்னு ஆபீசரே சொல்லிட்டாருல்ல. இனி அழகாக வேண்டியதுதான் பாக்கி. கூடையப் பிடிங்க.”